முத்திரை

தொண்டி முதல் ஏர்வாடி வரை
தராசுகள் என் சரகம்.
ஒரு ஜீப், மாதம் நாற்பது லிட்டர் டீசல்,
வெல்வெட் பெட்டிக்குள்
ஐந்து கிராமிலிருந்து ஐந்து கிலோ வரை
பித்தளையில் அரசாங்கம்.

முள்ளிமுனைக்கு நானாகப் போகவில்லை.
பால்டிமோரில் ஒருவர் கேட்டிருந்தார்,
தான் வாங்கும் நண்டுச் சதையை
நிறுத்த கருவிக்குச் சான்று எங்கே என்று.
கேள்வி கொச்சியில் இறங்கி
தூத்துக்குடியில் வண்டி மாறி
மூன்றே நாளில் என் மேசைக்கு வந்தது.
அதே மேசையில்
முத்துராக்கு கொடுத்த மனு
பதினான்கு மாதமாக
கண்ணாடி உருண்டைக்கு அடியில்
பறக்காமல் இருந்தது.

கம்பெனிக் கூடத்தில் குளிர்.
நீலத் தொப்பி போட்ட நாற்பது பெண்கள்
வெந்த நண்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள்,
ஒருத்தியும் நிமிரவில்லை.
மின்தராசில் கல்லை வைத்தேன்.
கல் சொன்னதையே அதுவும் சொன்னது.
ஈயத்தில் அடித்தேன்:
ஆண்டு, காலாண்டின் எழுத்து, என் எண்.
மேலாளர் படமெடுத்து அனுப்பினார்.
நான் செருப்பு மாட்டுவதற்குள்
அங்கிருந்து ஒரு கட்டைவிரல் வந்துவிட்டது.
அங்கே அப்போது நள்ளிரவாம்.

மதிலுக்கு வெளியே இருநூறு அடியில் கரை.
வத்தைகள் வந்திருந்தன.
கருவேலங்கிளையில் கொக்கித் தராசு,
அதன் கீழே ஏஜெண்ட் கோட்டைச்சாமி.
ஈரத்துக்கு நூறு கிராம் கழிவு,
கூடைக்கு இருநூறு,
கால் ஒடிந்ததற்கு அவர் மனசுபோல.
விலையில் மட்டும் பொய்யில்லை.
அங்கே ஏறினால் மறுநாள் இங்கே ஏறும்.
அங்கே இறங்கினால்
இறங்குவதற்கு முன்பே இங்கே இறங்கிவிடும்.

ஐந்து கிலோக் கல்லைக் கொக்கியில் மாட்டினேன்.
முள் நாலே காலில் நின்றுவிட்டது.

யாரும் வியக்கவில்லை.
கோட்டைச்சாமிதான் பேசினார்:
'தராசை மாத்திருவீக சார்.
இஞ்சின் வாங்க பேங்குக்குப் போனா
பட்டா கேட்டான்.
அலைக்கு ஏது பட்டா?
நான் குடுத்தேன், அறுபதாயிரம்,
கையெழுத்தில்லாம, வட்டியில்லாம.
அந்த முக்கால் கிலோதான் சார் வட்டி.'

எனக்கு விதி தெரியும்.
பறிமுதல், ரசீது, அபராதம்.
பறித்தேன், எழுதினேன்.
பிறகுதான் பார்த்தேன்,
கூடைகளில் நண்டு உயிரோடு அசைகிறது,
நிறுக்க ஊரில் ஒரு தராசும் இல்லை.
கம்பெனி வாசலில் காவலாளி சொன்னான்:
கரையாட்களிடம் நேரே வாங்குவதில்லை.

முத்துராக்கு ஒரு நோட்டைப் பிரித்தாள்.
பள்ளிக்கூட நோட்டு, ஆறு வருஷக் கணக்கு.
கடலில் பிடித்தது ஒரு பக்கம்,
கரையில் நின்றது ஒரு பக்கம்.
'கடன் வேணாம்னு சொல்லல சார்.
வட்டிய வட்டினு எழுதச் சொல்லுங்க.
முள்ளுல எழுத வேணாம்.
எழுதுனா என்னைக்காவது தீருமில்ல.'

ஜீப்பிலிருந்து பெட்டியை இறக்கினேன்.
சோதனைக்கு மட்டும் என்று
மூடியிலேயே எழுதியிருக்கிறது.
படித்துவிட்டுத்தான் திறந்தேன்.
அன்று பொழுது சாயும்வரை
அரசாங்கத்தை வைத்து நண்டு நிறுத்தேன்.
ஒன்று என் விரலைக் கவ்வியது.
கோட்டைச்சாமி எடைக்கு எடை பணம் எண்ணினார்.
நோட்டில் மூன்றாவதாக ஒரு கோடு கிழித்து
தன் கையெழுத்தில் எழுதினார்:
வட்டி, இருநூற்றுப் பத்து.
எழுதியதும் அவருக்கே அது
கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது போல.
பேனாவை மூட நேரம் எடுத்தது.

மறுநாள் நான் கமுதியில் இருந்தேன்.
முள்ளிமுனையில் எது தொங்கியது, தெரியாது.
மாத அறிக்கையில்
ஆய்வு செய்த கருவிகள் இரண்டு,
பறிமுதல் ஒன்று, நண்டுக்குக் கட்டம் இல்லை.

மதுரை ஆய்வகத்திலிருந்து
கற்கள் திரும்பி வந்திருக்கின்றன.
ஐந்து கிலோக் கல்லில் உப்பு ஏறியுள்ளது,
இரண்டு கிராம் கூடுதல்,
விளக்கம் தருக.

அந்த இரண்டு கிராம்
யார் கூடையிலிருந்து போனது என்று
அவர்கள் கேட்கவில்லை.
அதிலிருந்துதான் தொடங்கியிருக்கிறேன்.